பரங்கிமலைக்கு அரைநாள் ஒதுக்குங்கள்

பிள்ளைகளோடு சென்னை வழியாக ஊருக்குப் போகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது இது: விமானம் ஏறுவதற்கு முன் அரைநாள் கிடைத்தால் கடைத்தெருவுக்குப் போகாதீர்கள், பரங்கிமலைக்குப் போங்கள்.

விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பரங்கிமலை. அங்கிருந்து அடிவாரத்துக்கு ஆட்டோ பிடிக்கலாம். மலை 300 அடி உயரம்தான். மேலே வரை கார் போகும் என்றாலும், முழங்கால் வலி இல்லாதவர்கள் படியேறுங்கள். 130-க்கும் மேற்பட்ட அந்தப் படிகளை 1726-இல் கட்டிக்கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். மலைக்கு வருகிறவர்கள் அடையாற்றைக் கடக்க வேண்டும் என்று சைதாப்பேட்டையில் பாலம் போட்டவரும் அவரே.

உச்சியில் இருப்பது சின்னக் கோயில். இயேசுவின் சீடரான புனித தோமையார் உயிர்நீத்த இடம் என்ற நம்பிக்கையில் போர்த்துக்கீசியர் 1523-இல் இங்கே ஒரு சிற்றாலயம் எழுப்பினார்கள். 1547-இல் புதுக் கோயில் கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைப் பீடத்துக்குப் பின்சுவரிலேயே பதித்துவிட்டார்கள்.

சரி, உள்ளே போனதும் நேராக அந்தப் பீடத்தைப் பாருங்கள். கருங்கல்லில் புடைப்பாகச் செதுக்கிய சிலுவை. நான்கு முனைகளும் மொட்டுப்போல விரிந்திருக்கும். மேலே ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. சுற்றியுள்ள வளைவில் எழுத்து ஓடும். அது தமிழுமல்ல, இலத்தீனுமல்ல. பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. வாஸ்கோ ட காமாவுக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கரையில் கிறிஸ்தவர்கள் வழிபட்டதற்கு அந்தக் கல்லே சாட்சி. கிறிஸ்தவம் பரங்கியரோடு வந்தது என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டத்தான் வேண்டும்.

1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் இந்தச் சிலுவையில் இரத்தம் கசிந்தது என்பது மரபு. அதே நாளில்தான் இங்கே திருவிழாவும் வரும்.

நண்பகலில் போக வேண்டாம். படியில் வெயில் கொளுத்தும்; தண்ணீர் கையில் இருக்கட்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. படம் எடுக்குமுன் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம், சிலுவையைக் கிட்ட நின்று பார்க்க ஆசையென்றால் ஞாயிற்றுக்கிழமையையும் திருவிழா நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.