ஒரே அரிசி, வேறு அடுக்கு: இறுகிய மணிகளின் விறைப்பை வீட்டில் அளப்பது எப்படி?

முட்டம் கடற்கரையின் ஈரமணலை மிதிக்கும்போது பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் உலர்ந்து வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெருங்கி அடங்கிய மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடைவெளியைப் பெருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் நீர் இறங்கிவிடுகிறது. 1885-இல் இயற்பியலாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் விளக்கிய இந்த விரிவுக்கு இடம் கொடாமல் மணிகளை அழுத்திப் பிடித்தால், அவை இறுகித் திடப்பொருள்போல் நடந்துகொள்கின்றன. அதன் விறைப்பை, அதாவது வளைய மறுக்கும் தன்மையை, மணிகள் அமைந்திருக்கும் அடுக்கு எவ்வளவு மாற்றுகிறது என்பதை நாமே அளக்கலாம்.

காற்றை உறிஞ்சி மணிகளை அழுத்திப் பிடிக்கக் கைப்பம்புடன் வரும் வேக்குவம் பை ஒன்று, 1 கிலோ புழுங்கலரிசி, செங்கல், ஈர்க்கு, அளவுகோல், தண்ணீர்ப் புட்டி ஆகியவை போதும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலை இதற்கு எடுக்க வேண்டாம்; கதிரியக்கமுள்ள தோரியம் அடங்கிய மோனசைட் என்னும் கனிமம் அதில் கலந்திருக்கிறது.

முதலில் அரிசியைப் பையில் மெல்லச் சரித்து, குலுக்காமல், பம்ப் இனி இழுக்காது என்னும் நிலைவரை காற்றை உறிஞ்சுங்கள். பையின் ஒரு முனையை மேசை விளிம்பில் செங்கல்லால் அழுத்தி, வெளியே நீளும் முனையில் ஈர்க்கை ஒட்டிப் புட்டியைத் தொங்கவிடுங்கள். 100 மில்லி தண்ணீர் ஊற்றும்தோறும் ஈர்க்கின் நுனி எவ்வளவு தாழ்கிறது என்று குறியுங்கள். பிறகு அதே அரிசியை, உறிஞ்சுவதற்கு முன் பையை ஐம்பது முறை தட்டி அடக்கி, மீண்டும் அளவெடுங்கள்.

இங்கேதான் பலரும் தவறுவார்கள். தட்டிய பை சற்று மெலிந்துவிடும். வளைவை எதிர்க்கும் வலிமையோ தடிமனின் முப்படியைப் பொறுத்தது. ஆகவே எடையைத் தாழ்வால் வகுத்து, அதைத் தடிமனின் முப்படியால் மறுபடியும் வகுத்தே ஒப்பிட வேண்டும். அப்போதுதான் அடுக்கின் பங்கு மட்டும் தனியே தெரியும்.

விறைப்பை ஆள்வது, ஒரு மணி எத்தனை மணிகளைத் தொடுகிறது என்பதே. உராய்வற்ற உருண்டைகள் இறுகிநிற்கச் சராசரி 6 தொடுகைகள் தேவை. உராய்வு இருந்தால் 4 தொடுகையிலேயே இறுக்கம் தொடங்கலாம். ஒழுங்கின்றிக் கொட்டி அடக்கிய உருண்டைகள் இடத்தில் ஏறத்தாழ 64 விழுக்காட்டை நிரப்புகின்றன. வடசேரிச் சந்தையில் கூம்பாக அடுக்கும் ஆரஞ்சுப் பழங்களின் ஒழுங்கில் அது 74 விழுக்காடாகிறது. உள்ளிருக்கும் ஒவ்வொரு பழமும் 12 பழங்களைத் தொடுகிறது. நல்லமிளகை நிரப்பியும் செய்துபாருங்கள். அரிசிபோல் நீண்ட மணிகள் ஒரு திசை பார்த்துப் படுக்கும்; உருண்டையான மிளகுக்கு அப்படி ஒரு திசை கிடையாது.

ஒவ்வொரு நிரப்பலும் புதிய அடுக்கைத் தருவதால், ஒவ்வொரு முறையையும் ஐந்து தடவையாவது திரும்பச் செய்து சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.