கர்னல் மாறியதும் வைஃபை போய்விட்டதா? ஃபர்ம்வேரைச் சரிபார்க்கும் வழி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்ததும் வைஃபை காணாமல் போனால் எல்லோரும் முதலில் டிரைவரைத்தான் திட்டுவார்கள். பல நேரம் டிரைவர் நன்றாகவே இருக்கும்; அது கேட்கும் ஃபர்ம்வேர் கோப்புதான் வட்டில் இருக்காது. டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் நிரல், கர்னலோடு சேர்ந்து வருவது. ஃபர்ம்வேரோ வைஃபை சிப்புக்குள் ஓடும் நிரல். டிரைவர் அதை வட்டிலிருந்து எடுத்துச் சிப்பில் ஏற்றுகிறது. இரண்டும் வேறு வேறு பொதிகளாக (பேக்கேஜ்களாக), வேறு வேறு வேகத்தில் புதுப்பிக்கப்படுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: எந்தச் சிப், எந்த டிரைவர்?

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' விருப்பத்தோடு (lspci -k) இயக்குங்கள். இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் ஐடபிள்யூஎல்வைஃபை, குவால்காம் என்றால் ஏடிஎச்10கே அல்லது ஏடிஎச்11கே, ரியல்டெக் என்றால் ஆர்டிடபிள்யூ88 அல்லது ஆர்டிடபிள்யூ89 என்று வரும். 'பயன்பாட்டில் உள்ள டிரைவர்' (Kernel driver in use) என்ற வரி இல்லையே என்று பதறவேண்டாம். ஃபர்ம்வேர் கிடைக்காத டிரைவர் சிப்பை விட்டு விலகிவிடுவதுண்டு. சிப்பின் விவரங்களில் 'கர்னல் மாட்யூல்கள்' (Kernel modules) என்ற வரியில் பெயர் இருந்தால் போதும், கர்னலுக்கு அந்தச் சிப்பைத் தெரியும்.

படி 2: கர்னல் பதிவைப் படியுங்கள்

நிர்வாகி உரிமையோடு, கர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையை இயக்கி, டிரைவரின் பெயர் வரும் வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இன்டெல் ஃபர்ம்வேர் கோப்பின் பெயர் ஓர் எண்ணில் முடியும். அது டிரைவரும் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ளும் இடைமுகத்தின் பதிப்பு எண். ஒவ்வொரு கர்னலிலும் டிரைவர் ஏற்றுக்கொள்ளும் எண்ணுக்கு ஒரு மேல் எல்லையும் ஒரு கீழ் எல்லையும் உண்டு. மேல் எல்லை 77 என்று வைத்துக்கொள்ளுங்கள்: டிரைவர் முதலில் 77ஐக் கேட்கும், இல்லையென்றால் 76, பிறகு 75 என்று இறங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு தோல்விக்கும் 'பிழை -2' என்று ஒரு வரி பதிவாகலாம். கோப்பு இல்லை என்பதுதான் அதன் பொருள். கடைசியில் ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டதாக ஒரு வரி வந்துவிட்டால் மேலே உள்ள பிழைகளைக் கண்டுகொள்ளவே வேண்டாம். பொருத்தமான ஃபர்ம்வேர் இல்லை என்று முடிந்தால்தான் வேலை இருக்கிறது. குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதையும் டிரைவரே அங்கு சொல்லிவிடும்.

இதனால்தான் புதிய ஃபர்ம்வேர் பொதியைப் பழைய கர்னலில் நிறுவினாலும் இன்டெல் சிப்புகளில் பெரும்பாலும் கெடுதல் வராது. தன் எல்லைக்கு மேலான எண்ணை டிரைவர் தேடவே தேடாது. மீடியாடெக் போன்றவற்றின் சில கோப்புப் பெயர்களில் இப்படி எண் கிடையாது. அதே பெயரில் உள்ளடக்கம் மட்டும் மாறும், அங்கே கூடுதல் கவனம் தேவை.

படி 3: பொதியைப் புதுப்பியுங்கள்

உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற பொதி. டெபியனில் சிப் வாரியாகப் பிரித்திருப்பார்கள். 2023இல் வந்த டெபியன் 12 முதல் இவை நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவில் உள்ளன. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்கள், பொதிகள் எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்லும் மூலப் பட்டியலில் அந்தப் பிரிவைச் சேர்க்க மறந்தால் புதுப்பிப்பே வராது.

படி 4: பொதியில் இல்லையென்றால்

கர்னல் திட்டத்தின் லினக்ஸ்-ஃபர்ம்வேர் களஞ்சியத்திலிருந்து தேவையான கோப்பை மட்டும் எடுங்கள். அதை லிப் அடைவின் ஃபர்ம்வேர் அடைவில் நேரடியாகப் போடாமல், அதற்குள் 'அப்டேட்ஸ்' என்ற துணை அடைவை உருவாக்கிப் போடுங்கள். கர்னல் அங்கேதான் முதலில் தேடும். பொதி மேலாளரும் அதன்மேல் எழுதாது. ஒரு எச்சரிக்கை: பொதியில் சரியான கோப்பு வந்தபின் இதை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் எண்ணில்லாத பெயர்களில் பழைய கோப்பே தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கும்.

சுருக்கப்பட்ட கோப்புகளையும் கவனியுங்கள். எக்ஸ்இசட் சுருக்கத்தைக் கர்னல் 5.3 முதலும், இசட்ஸ்டாண்டர்டு சுருக்கத்தை 5.19 முதலும்தான் படிக்க முடியும். சந்தேகம் இருந்தால் விரித்த கோப்பையே வையுங்கள்.

படி 5: ஏற்றிப் பாருங்கள்

கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் துவக்கப் படிமத்துக்குள் (இனிட்ராம்எஃப்எஸ்) ஃபர்ம்வேரின் நகல் இருக்கலாம் என்பதால் அதை மறுபடி உருவாக்குங்கள். டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோராவில் டிராகட். பிறகு மறுதொடக்கத்தைவிட, கணினியை முழுதாக அணைத்துவிட்டு மறுபடி இயக்குவதே என் வழக்கம். சில சிப்புகள் மின்சாரம் நின்றால்தான் பழைய நிலையை விடுகின்றன. மீண்டும் டிமெசேஜ் பார்த்து, ஏற்றப்பட்ட பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிய ஃபர்ம்வேரால் இணைப்பு அடிக்கடி அறுந்தால் முந்தைய பொதிக்குத் திரும்பி, டெபியன் வகையில் ஆப்ட்-மார்க் ஹோல்டு கட்டளையால் அதை அங்கேயே நிறுத்திவையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றுபோகும் என்பதால், அடுத்த ஃபர்ம்வேர் பதிப்பு வந்ததும் பூட்டை எடுத்துச் சோதித்துவிடுங்கள்.