மோல் வோலை அடையாளம் காண்பது எப்படி?

மோல் வோல் (mole vole) என்பது மண்ணுக்குள் வாழும், எலி போன்ற ஒரு கொறிவிலங்கு. மண்ணுக்குள் வாழும் ஏதோ ஒரு எலியின் படத்தைக் காட்டி, "இது மோல் வோலா?" என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது வாயைத்தான். நிறத்தை நம்பாதீர்கள். ஒரே இனத்தில் மணல் நிறமும் இருக்கும், கன்னங்கரேலென்றும் இருக்கும்.

மேல் வெட்டுப்பற்கள் உளி மாதிரி முன்னோக்கி நீண்டு, வாய் மூடியிருக்கும்போதும் வெளியே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இது பல்லால்தான் மண்ணைத் தோண்டும். கால்களுக்கு அந்த மண்ணைப் பின்னால் தள்ளுகிற வேலைதான். உதடுகள் பற்களுக்குப் பின்புறம் மூடிக்கொள்வதால் வாய்க்குள் மண் போகாது.

அப்புறம் முன்கால். அகன்று வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அது மோல்; புழு பூச்சி தின்கிற, கொறிவிலங்கே அல்லாத வேறு கூட்டம். மோல் வோல் தின்பது கிழங்கும் வேரும். நகங்கள் மிக நீளமாக இருந்தால் காகசஸ் மலையில் வாழும் புரோமிதியோமிஸ் என்ற வேறொரு வோலாக இருக்கலாம். கண்ணே வெளியே தெரியாமல், வாலும் இல்லையென்றால் ஸ்பாலாக்ஸ் என்ற குருட்டு மோல் எலி. மோல் வோலுக்குக் கண் சிறிதாக இருந்தாலும் தெரியும், குட்டை வாலும் உண்டு, காதுமடல்தான் இல்லை.

சரி, மோல் வோல்தான், அதாவது பேரினம் எல்லோபியஸ் என்று முடிவாகிவிட்டது. வோல்கள், லெம்மிங்குகள் என்ற எலி போன்ற கொறிவிலங்குகள் சேர்ந்த ஆர்விகோலினே துணைக்குடும்பத்தில் இதை வையுங்கள். இதில் 5 இனங்கள். இனி படம் எடுத்த இடத்தைக் கேளுங்கள். இடம் தெரியாத படத்தில் இனப்பெயர் சொல்ல நான் துணிய மாட்டேன். கிழக்குத் துருக்கி, ஆர்மீனியா, வடமேற்கு ஈரான் என்றால் லூட்டெசென்ஸ். துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானின் குவெட்டா பக்கம் என்றால் ஃபஸ்கோகேப்பிலஸ். இவை இரண்டும் பிராமஸ் என்ற துணைப்பேரினம்.

தகராறு மற்ற மூன்றில்தான். உக்ரைன், ரஷ்யப் புல்வெளிகளில் டால்பினஸ். மத்திய ஆசியாவிலிருந்து மங்கோலியா வரை டான்க்ரே. கிர்கிஸ்தானின் அலாய் மலையில் அலாய்கஸ். கஜகஸ்தான் படம் வந்தால் அது டால்பினஸா டான்க்ரேயா என்று கண்ணால் சொல்ல முடியாது, குரோமோசோம்களின் எண்ணிக்கையும் வடிவமும்தான் சொல்லும். டால்பினஸுக்கு 54. டான்க்ரேயில் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று இணைந்து, இடத்துக்கு இடம் 54 முதல் 30 வரை குறையும். லூட்டெசென்ஸ் இன்னும் விசித்திரம்: ஆணுக்கும் பெண்ணுக்கும் 17தான், பாலினக் குரோமோசோம்களில் எக்ஸ் ஒன்றே ஒன்று, ஒய் கிடையவே கிடையாது.

குரோமோசோம் தகவல் இல்லாத கஜகஸ்தான் படத்துக்கு "எல்லோபியஸ்" என்பதோடு நிறுத்தி, பக்கத்தில் இடத்தை எழுதிவைத்தால் போதும்.