நர்சிங் முதலாண்டு: ‘தெரியலை’ என்று சொல்லாததால் வரும் தவறுகள்

முதல் வார்டு போஸ்டிங்கில் ஆறு பேருக்கு டி.பி.ஆர். (காய்ச்சல், பல்ஸ், மூச்சு) பார்த்து சார்ட்டில் எழுதச் சொன்னார்கள். காய்ச்சல் பார்த்தேன், பல்ஸ் எண்ணினேன். மூச்சை மட்டும் எண்ணவில்லை. ஆறு பேருக்கும் 20 என்று எழுதிவிட்டேன். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 என்று படித்திருந்த தைரியம்.

வார்டு சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். திட்டவில்லை. தன் வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்து நாலாவது கட்டிலுக்குக் கூட்டிப்போனார். தேவனாம்பட்டினத்து மீனவத் தாத்தா ஒருவர், இரண்டு தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். 34. “ராத்திரியிலேருந்தே வாங்குது பாப்பா, நீயாவது கேப்பேன்னு பாத்தேன்” என்றார் தாத்தா. அதற்குள் சிஸ்டர் டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.

நான் சோம்பேறித்தனத்தால் அப்படி எழுதவில்லை. எப்படி எண்ணுவது என்றே எனக்குப் பிடிபடவில்லை. லேபில் பொம்மைக்குச் செய்துதான் பழகியிருந்தோம். பொம்மை மூச்சு விடாது. அதை மேடத்திடம் சொல்லக் கூச்சம். பாண்டியிலும் கடலூரிலும் இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டுச் சொல்கிறேன், முதலாண்டுப் பிள்ளைகள் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கூச்சத்திலிருந்துதான் வருகின்றன.

சரி, எப்படி எண்ணுவது? பல்ஸ் பார்த்து முடித்ததும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காதீர்கள். அப்படியே நெஞ்சைப் பாருங்கள். மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் அவர்கள் மூச்சு விடும் விதமே மாறிவிடும். ஏறி இறங்குவது சேர்த்து ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காமல், ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். பல்ஸைக் கட்டைவிரலால் பார்க்க வேண்டாம். அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் உங்கள் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். பிபி பார்க்கும்போது சட்டைக் கைக்கு மேலேயே கஃப் (கையில் சுற்றும் பட்டை) கட்டுவதும், மாடிப்படி ஏறி வந்தவருக்கு அடுத்த நொடியே பார்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். பருமனான கைக்குச் சின்ன கஃப் கட்டினால் பிபி இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய கஃப் எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆங்கிலம் வராத பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வருகிற பிள்ளைகள் முதல் செமஸ்டரில் அனாட்டமி, பிசியாலஜி, சோஷியாலஜி, சைக்காலஜி, ஃபவுண்டேஷன் என்று எல்லாம் ஆங்கிலத்தில் வந்து விழும்போது மிரண்டுபோகிறார்கள். மிரட்சியில் பத்தி பத்தியாக மனப்பாடம் செய்கிறார்கள். அது கல்லூரிக்குள் வைக்கும் இன்டர்னல் தேர்வு வரைதான் தாங்கும். ஒவ்வொரு பாடத்தையும் முதலில் தமிழில் உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள், அப்புறம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். எலும்பின் பெயர் படித்தால் உங்கள் கையிலேயே தடவிக் கண்டுபிடியுங்கள்.

கட்டிலருகே உங்கள் தமிழ்தான் உங்கள் பலம். ‘மோஷன் போனீங்களா’ என்று கேட்டு விழிக்கிற பாட்டியிடம் ‘வெளிக்குப் போனீங்களா பாட்டி’ என்று கேட்டால் பதில் வந்துவிடும். ஆனால் இதில் ஒரு தவறும் நேர்கிறது. நோயாளி ‘நெஞ்சு கரிக்குது’ என்பார்; நாம் அதை நாமாகவே அசிடிட்டி என்று மாற்றி எழுதிவிடுவோம். மாரடைப்புக்கும் சிலர் இதே வார்த்தையைச் சொல்வதுண்டு. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சிஸ்டரிடம் சொல்லுங்கள். என்ன நோய் என்று முடிவு கட்டுவது முதலாண்டின் வேலை இல்லை.

காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். ஆறு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு வார்டுக்கு வந்து, ஆறாத புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வதைப் பார்த்துக்கொண்டே சரிந்து விழுந்த பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். கண் இருட்டினால் சமாளித்து நிற்க வேண்டாம். சொல்லிவிட்டு உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள்.

வருகைப் பதிவையும் லேசாக நினைக்க வேண்டாம். தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீதம் வேண்டும், காரணம் எதுவானாலும். கிளினிக்கலில், அதாவது வார்டு பயிற்சியில், விட்ட நாட்களை எல்லாம் பட்டம் வாங்குவதற்கு முன் ஈடுகட்டியாக வேண்டும். மாசி மகத்துக்கு ஒரு நாள் ஊருக்குப் போவது வேறு, அதைச் சாக்கிட்டு ஒரு வாரம் தங்குவது வேறு. செய்யாத புரொசீஜரை ரெக்கார்டு நோட்டில் தோழியைப் பார்த்து எழுதுவதும் நான் ஆறு பேருக்கும் 20 போட்ட மாதிரிதான். நோயாளி தெரியும்படி செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது வேண்டவே வேண்டாம்.

கிளவுஸ் போட்டோமே என்று கை கழுவாமல் விடுவதும் தவறு. கழற்றிய பிறகும் கழுவ வேண்டும். சோப்பு போட்டு மொத்தமாக 40 முதல் 60 நொடி ஆகும். பத்து நொடியில் முடிந்தால் விரலிடுக்கும் கட்டைவிரலும் விட்டுப்போயிருக்கும்.

கடைசியாக, ஊசி. பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். மூடும்போதுதான் குத்துகிறது. அது நேராக, ஊசி போடுவதற்கென்றே வார்டில் வைத்திருக்கும் வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். என்னோடு படித்த ஒருத்திக்கு அப்படிக் குத்தியது. திட்டுவார்களே என்று இரண்டு நாளுக்கு மேல் யாரிடமும் சொல்லாமல், ஹாஸ்டலில் போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தாள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. நாங்கள் அவளைக் கூட்டிப்போனபோது அந்தக் கெடு முடியச் சில மணி நேரமே இருந்தது. இதே வழியில் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி மூன்று தவணை, முடிக்கவே ஆறு மாதம் ஆகும். அதனால் கல்லூரியில் சேர்ந்ததுமே போடத் தொடங்குங்கள்.

குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நேராக இன்சார்ஜ் சிஸ்டரிடம் போங்கள். எத்தனை மணிக்கு, எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் அதற்கப்புறம் அழுங்கள். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.