இன்னொரு மாடு வாங்கிக் கொடுப்பதற்கு முன்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் மாடு வளர்க்கிறவர்களுக்கு உதவ வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "ஒரு மாடு வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்றுதான். நல்ல மனசு. ஆனால் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னால் பட்டி போட்டு, விடியுமுன் பால் கறந்துவிட்டுக் கொழுந்தெடுக்க ஓடுகிற அக்காவுக்கு, இரண்டாவது மாடு என்றால் இன்னொரு கட்டுப் புல், இன்னொரு கூடைச் சாணி. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் சங்கத்துக் கணக்கு எழுதுகிறவள் நான். ஒரே மாதிரிக் கலப்பு மாடு, ஒரே மலைப் புல். ஒரு வீட்டிலிருந்து ஆறு லீட்டர் வருகிறது, பக்கத்து வீட்டிலிருந்து பத்து. அந்த நாலு லீட்டர் எங்கே போகிறது என்று முதலில் தேடுங்கள்.

தண்ணீரில் தொடங்குங்கள். பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர். பால் கறக்கிற மாடு நாளைக்கு 40, 50 லீட்டர் குடிக்கக்கூடியது. நம்ம பட்டிகளில் காலையில் ஒரு வாளி, அந்திக்கு ஒரு வாளி. பகல் முழுக்க வாய் காய்ந்து நிற்கும். பழைய பிளாஸ்டிக் பரலைப் பாதியாக வெட்டி, மாட்டின் வாய்க்கு எட்டுகிற இடத்தில் வைத்து, மலை ஊற்றிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரை ஒரு குழாயில் இழுத்து விடுங்கள். எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். தீனியைக் கூட்டாமலே சில நாளில் பால் ஏறுவதைப் பார்க்கலாம். ராத்திரிக்கும் ஒரு கட்டுப் புல் முன்னால் கிடக்கட்டும். இரவு நீளமானது, மாடு எழுந்து எழுந்து தின்னும்.

பெரிய நஷ்டம், மாடு பருவத்துக்கு வந்து கத்துகிற நாளைத் தவறவிடுவது. அது எந்தக் கணக்குக் கொப்பியிலும் ஏறுவதில்லை. கன்று போட்டு இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி சினை பிடித்தால்தான் வருஷத்துக்கொரு கன்று கிடைக்கும். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும். வந்தால் ஒரு நாள்கூட நிற்காது. அந்த நேரம் பார்த்து வீட்டில் எல்லாரும் தேயிலை மலையில் வேலையில் இருப்பார்கள். ஒற்றை மாடு கட்டிக் கிடப்பதால் இன்னொன்றின் மேல் தாவுவதைக் காணவும் வழியில்லை. அதனால் வாலடியைப் பார்க்கப் பழக்குங்கள். முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிந்த சளி கயிறாக நீண்டு தொங்கும், வாலில் ஒட்டிக் காய்ந்து மினுங்கும். சில மாடு கத்தவே கத்தாது. அன்றைக்குத் தீனியும் பாலும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

லயத்தில் வேலையை விட்டு நின்ற தாத்தாவோ அப்பாயியோ இருப்பார்கள். இந்தக் காவலை அவர்களிடம் கொடுங்கள், என் அனுபவத்தில் அவர்களைவிடக் கவனமாகப் பார்க்கிறவர்கள் இல்லை. கோயில் கலண்டரில் நாளைக் குறித்து, 21 எண்ணி அடுத்ததையும் வட்டமிட்டு வைக்கலாம். காலையில் கண்டால் அன்று அந்திக்கு, அந்திக்குக் கண்டால் மறுநாள் காலையில் சினை ஊசி போட வேண்டும். ஊசி போடுகிற உத்தியோகத்தர் மேட்டு லயம் வரை ஏறி வர ஆட்டோக் காசு இல்லாமல் எத்தனையோ வீட்டில் 21 நாள் வீணாகப் போகிறது. உங்கள் உதவிப் பணத்தில் முதல் பங்கை இதற்கு ஒதுக்குங்கள். ஊசி போட்டு மூன்றாம் மாதம் சினை பார்ப்பதையும், கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது கறப்பதை நிறுத்துவதையும் சங்கமே நினைவுபடுத்தலாம்.

அடுத்தது விலை. பாலுக்குக் கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் பார்த்துத்தான் காசு. முதலில் வருகிற பாலில் கொழுப்பு குறைவு, கடைசியாக ஒட்டக் கறப்பதில்தான் அதிகம். அவசரத்தில் கடைசிப் பாலை மடியில் விட்டுவிட்டுப் போனால் விலையும் இறங்கும், மடிநோயும் வரும். கன்றுக்கு அளந்து தனியாகக் கொடுத்துவிட்டு மடியை முழுதாகக் கறக்கச் சொல்லுங்கள். நுவரெலியாப் பக்கம் கோவா (முட்டைக்கோஸ்) இலை சும்மா கிடைக்கிறதே என்று அதையே அள்ளிப் போட்டாலும் கொழுப்பு விழும், நார்ப்புல் வேண்டும். மருந்தடித்த இலையா என்றும் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பால் கொப்பியும் வங்கிக் கணக்கும், புல் வெட்டிப் பால் கறக்கிறவரின் பெயரில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது அக்காதான். அளவையும் கொழுப்புக் கணக்கையும் அவர் கண் முன்னே எழுதுங்கள். காசு யார் கைக்கு வருகிறதோ அவர்தான் தவிடும் புண்ணாக்கும் வாங்குவார்.

கறந்து முடிந்ததும் மாட்டுக்கு முன்னால் புல்லைப் போடுங்கள். காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும்; அதற்குள் ஈரச் சாணியில் படுத்தால் கிருமி ஏறிவிடும். கலப்பு மாடு குளிரைத் தாங்கும், ஆனால் ஈரத் தரையையும் காற்றே போகாத பட்டியையும் தாங்காது. மடிநோய்க்கு ஊசி போட்டால் மிருக வைத்தியர் சொல்கிற நாள் வரை பால் ஊற்ற முடியாது. அந்த நாட்களுக்குச் சங்கம் ஒரு சின்னத் தொகை கொடுக்கப் பழகினால், யாரும் நோயை மறைத்துப் பால் கொண்டுவர மாட்டார்கள்.

புல்லுக்கு நிலம் தோட்ட நிர்வாகத்துடையது. கான் (வடிகால்) ஓரத்திலோ வெற்று மலையிலோ சீ.ஓ.3 என்கிற தீவனப்புல் நட வேண்டுமானால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அங்கே புல் அறுக்காமல் இருக்க, களைநாசினி அடிக்கிற மலை எது என்று முதல் நாளே வேலையை மேற்பார்க்கிற கங்காணியிடம் கேட்டு எல்லா வீட்டுக்கும் சொல்ல ஒருவரை வையுங்கள். சாணியை மழை படாமல் மூடி வைத்தால் மரக்கறிக்காரர்கள் வாங்குவார்கள்; 2021இல் இரசாயன உர இறக்குமதி நின்றபோது அதன் மதிப்பு எல்லாருக்கும் தெரிந்தது.

இவ்வளவும் செய்த வீட்டில் புல்லும் மிஞ்சி, கையாளும் இருந்தால் அப்போது மாடு வாங்குங்கள். இரண்டாம், மூன்றாம் ஈற்று மாடாகப் பாருங்கள். விற்கிறவர் சொல்கிற லீட்டரை நம்பாமல், ஒரு அந்தியும் மறுநாள் காலையும் வளர்க்கப்போகிற அக்காவையே கூட்டிப்போய்க் கறக்கச் சொல்லுங்கள். முந்தின வேளை கறக்காமல் மடியைப் பெருக்கிக் காட்டுவது சந்தையில் உண்டு. இரண்டாவது கறவையில் அது தெரிந்துவிடும். அதன் பிறகு காசைக் கொடுங்கள்.