ஓட்டு போடலைன்னா ஃபைனா? டிபேட்டுக்கு ரெடியாகுற பசங்களுக்கு

போன வருஷம் ஒரு இன்டர் ஸ்கூல் போட்டிக்கு எங்க பசங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தேன், தலைப்பு "வாக்களிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும்". எங்க பொண்ணு எழுந்து ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல குடவோலைன்னு கம்பீரமா ஆரம்பிச்சா, எதிர் டீம்ல ஒரு பொடியன் கையத் தூக்கி "அக்கா, அந்தக் குடத்துக்குள்ள உங்க பேரைப் போட விட்டிருப்பாங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. ஹால் முழுக்க சிரிப்பு, இவ கையில கார்டு ஆடுது. தப்பு என்னுதுதான், அந்தப் பாயின்ட்டை எழுதிக் குடுத்ததே நான்.

அதனால முதல்ல இது. குடவோலை பத்தி சோழ மன்னன் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுல என்ன இருக்குன்னு முழுசா படிச்சுட்டு அப்புறம் பேசுங்க. சொந்தமா வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வயசு 35-லருந்து 70-க்குள்ள, வேதம் தெரிஞ்சிருக்கணும், அதுக்கப்புறம்தான் பேரு குடத்துக்குள்ளயே போகும். அதுவும் குலுக்கல், ஒரு சின்னப் பையனை விட்டு ஓலை எடுக்கச் சொல்லுவாங்க, நம்ம சொல்ற ஓட்டு கிடையாது. ஆனா முன்னாடி பதவியில இருந்து கணக்கு காட்டாதவன் மறுபடி நிக்கவே முடியாதுன்னு ஒரு விதி இருக்கு பாருங்க, அது சூப்பர் பாயின்ட், அதை யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க.

சரி விஷயத்துக்கு வரேன். தலைப்பு கையில வந்த உடனே செல்லை எடுத்துத் தேட ஆரம்பிக்காதீங்க. ஒரு பேப்பர்ல "ஓட்டு போடாத ஆள் யாரு?"ன்னு எழுதுங்க. நிஜமா ஒரு ஆள் வேணும், உங்க தெருவுல இருக்கிற ஆளா இருந்தா இன்னும் நல்லது. லீவுன்னு ஏற்காடு கிளம்பிப் போற ஆளா, இல்ல பேரு சொந்த ஊர்ல இருக்க திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பார்க்கிற ஆளா, பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் போட்டாத்தான் அவரால போய் ஓட்டு போட முடியும். கட்டாயம் வேணும்னு பேசுறவங்க முதல் ஆளைக் காட்டுவாங்க, வேண்டாம்னு பேசுறவங்க ரெண்டாவது ஆளைக் காட்டணும், பாதி டிபேட் இங்கயே முடிவாகிடும். 2024 எம்.பி. எலெக்‌ஷன்ல தர்மபுரியில 81% போட்டிருக்காங்க, மத்திய சென்னையில 54% கிட்டதான். படிச்சவங்க சோம்பேறின்னு உடனே முடிவு கட்டிடாதீங்க, வீடு மாறிப் போனவங்க பேரு பழைய லிஸ்ட்லயே கிடந்தாலும் சதவீதம் குறையத்தான் செய்யும்.

அடுத்து, உங்க பேச்சை எழுதுறதுக்கு முன்னாடி எதிரணி பேச்சை எழுதுங்க. இதைச் சொன்னா பசங்க மூஞ்சி சுளிப்பாங்க, ஆனா இதுதான் வேலை. கட்டாயம் வேணும்ங்கிற அணி கண்டிப்பா ஆஸ்திரேலியாவைத் தூக்கிட்டு வரும். 1922-ல 60-க்கும் கீழ இருந்த வாக்குப்பதிவு, 1924-ல சட்டம் போட்டதும் அடுத்த எலெக்‌ஷன்லயே 91-ஐத் தாண்டிடுச்சு. போடலைன்னா 20 டாலர் ஃபைன், நியாயமான காரணம் சொன்னா அதுவும் இல்ல. பலமான வாதம், இதைப் பொய்னு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒத்துக்கிட்டு அடுத்த கேள்வியைப் போடுங்க: எல்லாரும் கட்டாயம் போடணும்னு சொன்ன அதே நாட்டுல அந்த மண்ணோட பழங்குடி மக்கள் எல்லாருக்கும் தேசியத் தேர்தல்ல ஓட்டுரிமை எப்போ வந்துச்சு? 1962-ல. அப்ப "எல்லாரும்"னா யாரு?

நம்ம ஊர்லயும் குஜராத் உள்ளாட்சித் தேர்தலுக்கு இப்படி ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, 2015-ல ஹைகோர்ட் தடை போட்டுடுச்சு. அதை ரெண்டு வரியில சொல்லிட்டுப் போயிடுங்க.

இனி ஓட்டு உரிமையா கடமையான்னு ஒரு சண்டை வரும். இங்கதான் நிறைய பேரு சறுக்குறாங்க, ஏன்னா அடிப்படை உரிமைன்னு அடிச்சு விட்டுடுவாங்க. நாமக்கல் தொகுதியில வேட்புமனு தள்ளுபடி ஆன பொன்னுசாமி வழக்குல 1952-லயே சுப்ரீம் கோர்ட் இது சட்டம் குடுத்த உரிமைதான்னு சொல்லிடுச்சு. அரசியலமைப்புல 51ஏ-ல இருக்கிற கடமைகள்லயும் ஓட்டு போடுறது கிடையாது, நீங்களே எண்ணிப் பாருங்க. 2013 நோட்டா தீர்ப்புல, இவங்க யாரும் வேண்டாம்னு சொல்றதும் கருத்து சொல்ற உரிமைதான்னு வருது, இதை ரெண்டு அணியும் இழுக்கலாம், யாரு முதல்ல இழுக்கிறாங்கங்கிறதுதான்.

எனக்குப் பிடிச்ச அடி ஒண்ணு இருக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 62(5) படி ஜெயில்ல இருக்கிறவங்க ஓட்டு போட முடியாது, குற்றம் நிரூபணம் ஆகாத விசாரணைக் கைதிக்கும் அதேதான். ஆனா அவரு ஜெயில்ல இருந்துக்கிட்டே தேர்தல்ல நிக்கலாம்! அப்போ ஜாமீன்தாரர் கிடைக்காம உள்ள கிடக்கிறவரைப் போடவே கூடாதுன்னு சொல்ற அரசாங்கம், வெளிய இருக்கிறவர் போடலைன்னா ஃபைன் கேட்குமா? இதைக் கேட்டுட்டு ரெண்டு செகண்ட் சும்மா நில்லுங்க. அவசரப்பட்டு அடுத்த பாயின்ட்டுக்கு ஓடாதீங்க.

ஆனா இதுக்குப் பதிலும் இருக்கு, எதிரணி புத்திசாலியா இருந்தா பாப்பாபட்டி, கீரிப்பட்டின்னு சொல்லும். மதுரை மாவட்டத்துல பட்டியல் சாதிக்கு ஒதுக்கின அந்த ஊராட்சிகள்ல 1996-லருந்து 2006 வரைக்கும் உருப்படியா தலைவர் தேர்தலே நடத்த முடியல, மனு போட ஆள் வர விடல, மீறி ஜெயிச்சவங்களை ராஜினாமா பண்ண வெச்சாங்க. அதே மாவட்டத்து மேலவளவுல ஊராட்சித் தலைவரா ஜெயிச்ச முருகேசனை 1997-ல வெட்டியே கொன்னாங்க. அங்க ஓட்டைக் காப்பாத்த அரசாங்கத்தோட கை வேணும்தானே? 2006-ல அரசு நிர்வாகம் இறங்கின பிறகுதானே தேர்தல் நடந்துச்சு? இதைக் கேட்டா அரசாங்கம்னாலே ஆபத்துன்னு பேசிட்டு இருந்த அணி திணறிடும். நீங்க அந்த அணியா இருந்தா பதில் ரெடியா வெச்சுக்கங்க: தடுக்கிறவனைத் தடுக்கிறதுக்கு அதிகாரம் வேணும், போகாதவனைத் தள்ளுறதுக்கு வேண்டாம். இந்த வித்தியாசத்தை ஒரே வரியில சொல்லத் தெரிஞ்சா போதும், ஜட்ஜ் பேனாவை எடுத்துடுவாரு.

மேடையில, கார்டு மூணுக்கு மேல வேண்டாம், ஒரு கார்டுல நாலு வரி, வருஷமும் பேரும் மட்டும். பட்டிமன்றம் மாதிரி ஜோக் அடிக்கிறது நடுவர் பாத்துப்பார், நீங்க ஒண்ணு அடிச்சா போதும். கத்தாதீங்க, மைக் இருக்கு. கேள்விக்குப் பதில் தெரியலைன்னா "அந்த விவரம் என்கிட்ட இல்ல, ஆனா அது உண்மைன்னே வெச்சுக்கிட்டாலும்"னு ஆரம்பிச்சு உங்க பாயின்ட்டுக்கு வாங்க. வாய்க்கு வந்த நம்பரை அடிச்சு விட்டு மாட்டுறதை விட இது எவ்வளவோ மேல்.

எங்க பொண்ணு இந்த வருஷமும் வரா. முதல் கார்டுல குடவோலைதான், ஆனா இந்தத் தடவை "அந்தக் குடத்துல என் பேரு இருந்திருக்காது"ன்னு அவளே ஆரம்பிக்கிறா.