கடற்கரைக்கு எந்த மடக்குக் கத்தி?

பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்கள் மடக்குக் கத்தி வாங்கும்போது அலகின் மினுமினுப்பைப் பார்ப்பதற்கு முன், அது மடங்கும் மூட்டைப் பாருங்கள். உப்பு முதலில் குடியேறுவது அங்கேதான். மூட்டில் திருகாணி இருந்தால் கழற்றித் துடைக்கலாம். அடித்து இறுக்கிய ஆணி என்றால் எண்ணெய் விடுவதோடு சரி.

கறுப்புப் பூச்சு பூசிய அலகு பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் வெட்டும் விளிம்பில் அந்தப் பூச்சு இருக்காது, தீட்டும்போதே போய்விடும். துரு அந்த விளிம்பில்தான் தொடங்கும். சாதாரண இரும்பு அலகு சுலபமாகக் கூர் ஏறும், கடற்காற்றில் அதே வேகத்தில் செம்புள்ளியும் விழும். எவர்சில்வர் எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. அதுவும் துருப்பிடிக்கும், தாமதமாக.

பூவேலைப்பாடு செதுக்கிய பித்தளைப் பிடிமேல் எனக்கும் ஆசைதான். அந்தக் குழிகளில் மீன் செதிலும் உப்பும் அடைந்து பச்சைக் களிம்பு பிடித்தால் சுத்தம் செய்வதற்குள் பொறுமை போய்விடும். மெருகேற்றிய கொம்புப் பிடியும் ஈரக் கையில் வழுக்கும். சொரசொரப்பான நைலான் பிடி அழகில்லை, ஆனால் கையில் நிற்கும்.

கடையிலேயே அலகை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு அசைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வலைக்கயிறு அறுப்பவர்களுக்குப் பல் வைத்த அலகு நல்லது. மாங்காய் நறுக்க மட்டும் என்றால் வேண்டாம்.

கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, விரித்தபடியே உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.